சிவப்புக் கோடு போட்ட விலை

ஒரே மரம், ஒரே ஆசாரி, ஒரே அளவு. அப்படிப்பட்ட ஒரு தேக்குக் கட்டில் மூன்றே மாதத்தில் எத்தனை பேர் நிம்மதியைக் கெடுத்தது என்று சொல்கிறேன். கடைசியில் ஒரு கேள்வி கேட்பேன். விடையை முன்கூட்டியே எட்டிப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும், சொல்லிவிட்டேன்.

விருதுநகரில் ராசமாணிக்கம் என்பவர் மரச்சாமான் கடை வைத்திருந்தார். அங்கே ஒன்பது வருடமாக வேலை பார்த்தவள் பவளக்கொடி. வந்தவர்களுக்குச் சாமான் காட்டுவதும் அவள்தான், விலை அட்டை எழுதுவதும் அவள்தான். முத்து முத்தான கையெழுத்து. அவள் எழுதி மாட்டிவிட்டால் பேரம் பேசவே ஒருத்தருக்கும் வாய் வராது என்று முதலாளி பெருமையடித்துக்கொள்வார்.

வைகாசியில் அந்தக் கட்டிலுக்கு அவள் எழுதிய விலை இருபத்தாறாயிரம். அந்த மாதிரியில் நாலைந்து கட்டில்கள் போயின. ஆனி கடைசியில் முதலாளி அவளைக் கூப்பிட்டார்.

"அந்த அட்டையைக் கழட்டிட்டு ஐம்பத்திரண்டுன்னு எழுதி மாட்டும்மா."

"ஐம்பத்திரண்டா? யாரு அண்ணாச்சி வாங்குவாங்க?"

"யாரும் வாங்க வேண்டாம். பத்து நாள் சும்மா தொங்கட்டும். ஆடி பிறந்ததும் அது மேல சிவப்புல ஒரு கோடு போட்டு, கீழே இருபத்தாறுன்னு எழுது. பாதிக்குப் பாதி தள்ளுபடின்னு ஊரே அள்ளிட்டுப் போகும் பாரு."

பவளக்கொடிக்கு நெஞ்சு உறுத்தியது. ஆனாலும் எழுதினாள். கடைசியில் பழைய விலைக்குத்தானே விற்கப் போகிறோம், யாருக்கு என்ன நஷ்டம் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். நீங்களும் நானும் அவள் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் தேற்றிக்கொண்டிருப்போம்.

அந்தப் பத்து நாளில் ஒருநாள் வாசலில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. சத்துணவுக் கூடத்தில் வேலை பார்க்கும் எஸ்தர் இறங்கி வந்தாள். முதுகில் ஆபரேஷன் முடிந்து அன்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து விட்டிருந்த அவள் கணவர் பின்சீட்டில் சரிந்து கிடந்தார். தரையில் படுக்கக் கூடாது, கெட்டிப் பலகைக் கட்டில்தான் வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கடையில் பலகை கெட்டியாக இருந்தது அந்தத் தேக்குக் கட்டில் ரகம் ஒன்றுதான்.

"அக்கா, இன்னும் ஒரு வாரத்துல..." என்று பவளக்கொடி வாயெடுத்தாள். கல்லாவிலிருந்து முதலாளி ஏறிட்டுப் பார்த்தார். அவள் குனிந்து பில் புத்தகத்தைத் தேடினாள்.

"ஒரு வாரமா? இன்னைக்கு இவர் எங்கம்மா படுப்பாரு?" என்றாள் எஸ்தர். பேரம் பேசவில்லை. ஆபரேஷனுக்கு வாங்கிய கடனில் மிஞ்சியதிலிருந்து ஐம்பத்திரண்டாயிரத்தைக் கொடுத்துவிட்டு, கட்டிலைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். பில்லில் அவள் முகவரியை எழுதியதும் பவளக்கொடிதான்.

ஆடி வந்தது, கூட்டமும் வந்தது. அதில் ஒருவர் மினிபஸ் டிரைவர் மாடசாமி. ஆவணியில் அவர் மகளுக்குக் கல்யாணம். ஐம்பதாயிரம் மதிப்புள்ள கட்டில் சீர் தருவதாக மாப்பிள்ளை வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தார். கையில் இருந்ததோ அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான். சிவப்புக் கோடு போட்ட அட்டையைக் கண்டதும் மனிதருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கட்டிலை வாங்கி, அட்டையைக்கூடக் கழற்றாமல் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பினார். தள்ளுபடியில் வாங்கினால் என்ன, மதிப்பு மதிப்புதானே என்று அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது குட்டு உடைந்தது. மாப்பிள்ளையின் அக்கா குருவம்மாளின் பக்கத்து வீட்டுக்காரி, அதே மாதிரிக் கட்டிலை வைகாசியிலேயே இருபத்தாறுக்கு வாங்கியிருந்தாள். போதாதா? அட்டையும் கையுமாக, மாடசாமியையும் இழுத்துக்கொண்டு குருவம்மாள் கடைக்கு வந்துவிட்டாள்.

"இருபத்தாறாயிரம் கட்டிலைக் காட்டி எங்களை ஏமாத்திட்டாரு. இது தெளியாம தாலி ஏறாது."

மாடசாமி முன்னால் வந்தார். "அட்டையை நம்பினவன் நான், தாயி. ஏமாந்ததும் நான்தான்."

ராசமாணிக்கம் அலட்டிக்கொள்ளவில்லை. "நடுவுல விலை ஏறுச்சு. ஆனியில ஐம்பத்திரண்டுக்கே வித்திருக்கேன். பாதி விலைக்குக் கொடுத்துட்டுக் கெட்ட பேரும் எனக்குத்தானா?" என்று எஸ்தரின் பில் நகலை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

குருவம்மாள் பில்லைப் பார்த்தாள். பிறகு பவளக்கொடியின் பக்கம் திரும்பினாள். "எழுதினவ நீதானே? நீ சொல்லு. இந்த விலைக்கு நெசமாவே யாராவது வாங்கினாங்களா?"

பவளக்கொடி மனசுக்குள் கணக்குப் போட்டாள். உள்ளதை எல்லாம் சொன்னால் ஒரு கல்யாணம் நிற்கும். மறைத்தால் முதலாளியின் பித்தலாட்டம் ஜெயித்துவிடும். மாடசாமி கும்பிடாத குறையாக அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று பேரும் ஆளுக்கு ஒரு நியாயம் சொல்லிவிட்டார்கள். இப்போது நீங்கள் சொல்லுங்கள்: இந்தக் கட்டிலால் உண்மையில் ஏமாந்தவர் யார்?

விடை: அந்த மூவரில் ஒருவரும் இல்லை. மாடசாமி கொடுத்தது வைகாசி விலைதான். குருவம்மாள் கையிலிருந்து ஒரு காசு போகவில்லை. முதலாளிக்கு லாபம்தான். ஏமாந்த எஸ்தர் அன்று அந்தக் கடையிலேயே இல்லை. அவள் ஏமாந்ததைத்தான் முதலாளி சாட்சியாக எடுத்து வைத்திருந்தார். "ஒரே ஒருத்தங்க வாங்கினாங்க" என்றாள் பவளக்கொடி. அது பொய்யில்லை, கல்யாணமும் நடந்தது. அன்று கடையிலிருந்து எல்லாரும் போன பிறகு, அந்த அம்மாவுக்கு இருபத்தாறாயிரத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று முதலாளியிடம் கேட்டாள். அவர் சிரித்தார். அன்று சாயங்காலமே பில்லில் இருந்த முகவரிக்குப் போய், நடந்ததையெல்லாம் எஸ்தரிடம் ஒப்புக்கொண்டாள். கட்டிலில் படுத்திருந்த எஸ்தரின் கணவர் கேட்டார்: "அன்னைக்கே ஏம்மா சொல்லலை?"