முனகிய மோட்டார்

ஆவடியில் ஒரு வீட்டின் சாப்பாட்டு மேசைமேல் ஒரு குட்டி விமானம் இருந்தது. ரேடியோவால் ஓட்டுகிற விமானம். ரெஜினா நான்கு மாதமாக அதைத் தன் கையாலேயே செய்துகொண்டிருந்தாள்.

அதன் வயிற்றுக்குள் தீப்பெட்டி அளவில் இரண்டு மோட்டார்கள் அருகருகே உட்கார்ந்திருந்தன. ஒன்று விமானத்தை இடம் வலமாகத் திருப்பும். இன்னொன்று மேலே ஏற்றும், கீழே இறக்கும். அந்த இரண்டாவதின் கையிலிருந்து ஒரு மெல்லிய கம்பி வால்வரை போய், அங்கே கீலில் ஆடும் ஒரு தட்டையான மடலைப் பிடித்திருந்தது. மோட்டார் இழுத்தால் மடல் எழ வேண்டும், தள்ளினால் தாழ வேண்டும்.

கம்பியை மாட்டிய நாளிலிருந்து அந்த மோட்டார் முனகத் தொடங்கியது. பேட்டரியைச் செருகிய கணமே ஆரம்பித்துவிடும்.

பக்கத்து மோட்டாருக்கு இது பிடிக்கவில்லை. “எனக்கும் இதே வேலைதான். நான் முனகுகிறேனா?” என்றது.

முனகாமல் இருக்கத்தான் முனகிய மோட்டாரும் பார்த்தது. உடம்புதான் சூடேறியது. தனக்குத் தெம்பு போதவில்லை என்று அதுவே நம்பிவிட்டது. கம்பியிடம் கேட்டபோது, அந்த முனையில் இருக்கும் கனத்தை இந்த முனைக்குக் கொண்டுவருவதைத் தவிர தனக்கு ஒன்றும் தெரியாது என்று அது சொன்னது. மடலிடம் கேட்டது. தனக்கு ஒரு குறையும் இல்லை என்று மடல் சொல்லிவிட்டது.

சனிக்கிழமை தணிகைவேல் வந்தார். ரெஜினாவோடு ஒரே தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். பத்து வருடமாக விமானம் விடுகிறவர். மறுநாள் காலை பறக்கவிடுவதாகப் பேச்சு. அவர் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டார்.

“இது போயிடுச்சும்மா. மேல போய் நின்னுச்சுன்னா விமானம் நேரா தரையிலதான் வந்து குத்தும். கழட்டிப் போட்டுட்டு வேற மாட்டு.”

மோட்டார் அதைக் கேட்டது.

ரெஜினா முதலில் வால் பக்கம் கம்பியைக் கழற்றினாள். உடனே முனகல் நின்றது.

“அண்ணே, கொஞ்சம் இருங்க.”

அவள் கையிலிருந்த ரேடியோவின் குச்சியை மேலும் கீழும் தள்ளினாள். மோட்டாரின் கை சத்தமில்லாமல் போய் வந்தது. பிறகு மடலை விரலால் தூக்கிப் பார்த்தாள். பாதி வழியிலேயே நின்றது. விளக்கைக் கிட்டே கொண்டுபோனபோது கீலுக்குள் பசை வழிந்து கல்லாக இறுகியிருப்பது தெரிந்தது.

“மோட்டார் நல்லாத்தான் இருக்கு. ஒட்டுறப்ப நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்” என்றாள். தணிகைவேல் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு பிளேடை எடுத்துக் கொடுத்தார். அவள் பசையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்து, மடல் தன் கனத்திலேயே தொங்கும்வரை ஆட்டி ஆட்டித் தளர்த்தினாள். கம்பியை மறுபடி மாட்டினாள். விமானத்துக்குள் சத்தமே இல்லை.

“அன்றைக்குக் கேட்டேனே, ஏன் சொல்லவில்லை?” என்று மோட்டார் கேட்டது.

“சொன்னால் என்னைப் பிய்த்துப் போட்டுவிடுவார்களோ என்று பயம்” என்றது மடல்.

“என்னைத்தானே தூக்கிப் போட இருந்தார்கள்?”

“தெரியும். அப்போதும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.”

மோட்டாருக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று அதற்கும் தெரிந்திருந்தது.

ஞாயிறு காலை, வற்றிக் கிடந்த ஏரிக்கு மேலே விமானம் ஏறியது. ரெஜினா அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். உயரே போனதும் எதிர்க்காற்று வாலில் வந்து முட்டியது.

“எனக்குக் கனக்கிறது” என்றது மடல்.

“சொல்லிவிட்டாய் அல்லவா? பிடித்துக்கொள்கிறேன்” என்றது மோட்டார்.