ஷாஃப்டைக் காப்பாற்றிய மூவர்

கோணங்கிப்பட்டுக்காரர்களுக்கு மூளை உண்டா என்று பக்கத்து ஊர்களில் பெரிய வாக்குவாதமே நடக்கும். கோணங்கிப்பட்டில் மட்டும் அந்தப் பேச்சு எழுந்ததே இல்லை. அவரவருக்கு நிறைய இருப்பதாகவே அவரவரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நம்பிக்கையில் முதலிடம் தனகோட்டிக்கு. அவனுக்குப் பின்னால் தம்பிகள் பச்சையப்பனும் கலியனும். இந்த மூவருக்கும் நடுவில் பிறந்துவிட்ட பாவத்துக்கு, அஞ்சலாட்சி நாற்பது வருஷமாக நான்கு பேருக்கும் சேர்த்துத் தான் ஒருத்தியே யோசித்து வந்தாள்.

அவள் போட்டிருந்தது சாம்பல் பூசணி. ஆயுத பூஜைக்குத் திருஷ்டி சுற்றி உடைக்கும் காய். பூஜைக்கு முந்தின நாள் மதியத்துக்குள் டவுன் மண்டிக்குப் போய்ச் சேர்ந்தால் அது சரக்கு. மறுநாள் அதை மாடுகூட மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். வெயிலில் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து வளர்த்த அறுபது காய். அவளுக்கு அந்த வருஷம் வேறு விளைச்சல் கிடையாது.

காயை ஏற்றிப் போக ஒரு வண்டி இருந்தது. பழைய மோட்டார் சைக்கிளின் பின்பக்கத்தை அறுத்து, இரண்டு சக்கரமும் மரத்தொட்டியும் வைத்து மூன்று சக்கர வண்டியாக்கியிருந்தார்கள். எஞ்சினிலிருந்து பின்சக்கரங்களுக்கு ஒரு நீள இரும்புத் தண்டு போகும். அதுதான் ஷாஃப்ட். எஞ்சின் அதைச் சுழற்றும், அது சக்கரங்களைச் சுழற்றும். உடைந்தால் வண்டி வெறும் தொட்டி. ரயில்வே கேட் மேட்டில் அது ஏற்கெனவே மூன்று முறை உடைந்திருந்தது.

மூன்றாம் முறை மெக்கானிக் ஜமால் பாய் வீட்டுக்கே வந்து புது ஷாஃப்ட் மாட்டினார். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மோட்டார் சைக்கிள் எஞ்சினுக்கு இவ்ளோ பாரம் ஆகாதுப்பா. பாரத்தைப் பாதியாக்குங்க. ஓடும்போது ஷாஃப்ட் மேல ஒரு கண்ணு இருக்கட்டும். இதுவும் போச்சுன்னா பூஜை கழிச்சுதான் அடுத்தது."

மூவரும் கோயிலில் நிற்பதுபோல் கைகட்டிக் கேட்டார்கள். அப்படிக் கேட்டுக்கொண்ட எதையும் அவர்கள் உருப்படியாகச் செய்ததில்லை என்பது அஞ்சலாட்சிக்குத் தெரியும்.

மறுநாள்தான் காயை ஏற்ற வேண்டிய நாள். காலையில் அவள் தொட்டியில் பரப்ப வைக்கோல் எடுத்து வரக் கொல்லைக்குப் போனாள். திரும்பி வந்தபோது தனகோட்டி அரிவாளோடு உட்கார்ந்திருந்தான். அவனைச் சுற்றி இருபது பூசணிகள் இரண்டிரண்டாகப் பிளந்து கிடந்தன.

"என்ன பண்றீங்க?" என்று அலறினாள்.

"பாரத்தைப் பாதியாக்கறோம் தங்கச்சி. முழுக் காய் கனம். பாதிக் காய் அதுல பாதி."

"இன்னொரு பாதி எங்க?"

"வண்டியிலதான். விட்டுட்டா போவோம்?"

"ரெண்டு பாதியும் வண்டியில இருந்தா பாரம் எப்படிடா குறையும்?"

தனகோட்டி அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். "ஒவ்வொண்ணாத் தூக்கிப் பாரு. குறைஞ்சிருக்கும்."

பச்சையப்பன் ஒரு பாதியைத் தூக்கிப் பார்த்தான். "குறைஞ்சிருக்குக்கா. சத்தியமா."

அரிவாளைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டாள். பிளந்த காயை எவன் வாங்குவான்? மீதி நாற்பதைத் தானே அடுக்கினாள். பாரம் நிஜமாகவே குறைந்தது. "பாத்தியா, பாய் சொன்ன மாதிரியே ஆயிடுச்சு" என்றான் தனகோட்டி. அவனை முறைக்கக்கூட அவளுக்கு நேரமில்லை.

வண்டி புறப்பட்டது. ஓட்டியது பச்சையப்பன். ஷாஃப்ட் மேல் ஒரு கண் வைக்கும் பொறுப்பு கலியனுக்கு. அவன் இடக்கண்ணைத் துண்டால் இறுகக் கட்டிக்கொண்டு, தொட்டியின் நடுவில் இருந்த ஓட்டையில் முகத்தைப் புதைத்துக் குப்புறப் படுத்தான்.

"ரெண்டு கண்ணாலயும் பாத்தா என்னடா குறைஞ்சிடும்?" என்றாள் அஞ்சலாட்சி.

"ஒண்ணுன்னுதான் சொன்னாருக்கா. ரெண்டு கண்ணு பட்டா திருஷ்டி ஆயிடாதா?"

கொஞ்ச தூரம் வரை "சுத்துது... சுத்துது..." என்று ஓதிக்கொண்டு வந்தான். பிறகு திடீரென்று கத்தினான். "நிறுத்துங்க! ஷாஃப்ட் நின்னுடுச்சு! ரோடுதான் சுத்துது!"

இறக்கி முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். ஷாஃப்ட் நன்றாக இருந்தது. கலியன்தான் நின்ற இடத்தில் சுற்றினான். மறுபடி ஓட்டையில் முகத்தை வைத்தவன் அப்படியே மயக்கமாகத் தூங்கிப்போனான்.

ரயில்வே கேட் மேடு வந்தபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. தனகோட்டி வண்டியை நிறுத்தச் சொன்னான். யோசிக்கப் போகிறான் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. அந்த முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அஞ்சலாட்சிக்குத் தலைவலி வரும்.

"ஷாஃப்ட் வீட்டு வாசல்ல உடைஞ்சிருக்கா?"

"இல்லண்ணே."

"டீக்கடைகிட்ட?"

"இல்லண்ணே. மூணு தடவையும் இந்த மேட்டுலதான்."

"அப்ப கோளாறு ஷாஃப்ட்ல இல்ல, மேட்டுல. இந்த மேட்டுக்கும் ஷாஃப்டுக்கும் ஆகல. ஆகாத ரெண்டு பேரை எதுக்குச் சந்திக்க விடணும்? கழட்டு!"

"பாதிக் காயை இறக்கிட்டு ரெண்டு நடையா ஏத்துங்கடா" என்று அவள் சொன்னது காற்றோடு போயிற்று. ஷாஃப்டைக் கழற்றினார்கள். தனகோட்டி அதை வேட்டித் தலைப்பில் சுற்றி, பச்சைக்குழந்தையைப் போல் தோளில் சாய்த்துக்கொண்டான். மேடு கண்ணில் படக்கூடாது என்று சுற்றுப்பாதையாக வயலில் இறங்கி நடந்தான்.

"ரயில் வர்ற நேரம்! தள்ளிக்கிட்டுப் போங்கய்யா, கேட்டு மூடணும்!" என்று கேட்காரர் கத்தினார்.

அஞ்சலாட்சி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னாலிருந்து முட்டினாள். பச்சையப்பன் பக்கத்தில் முட்டினான். உச்சியில் ஏறிய வண்டி அங்கே நிற்கவில்லை. அந்தப் பக்கம் மண்டி வரைக்கும் ஒரே இறக்கம்.

"பிரேக்கைப் பிடிடா!"

"ஓட்டும்போது பிடிக்கறதுதானேக்கா அது. நான்தான் ஓட்டலையே!"

நாற்பது பூசணியும் கலியனும் தாங்களாகவே டவுனுக்குப் புறப்பட்டார்கள். குலுக்கலில் கலியனுக்கு விழிப்பு வந்தது. ஒற்றைக் கண்ணைத் திறந்து கீழே பார்த்தான். "அண்ணே! ஷாஃப்டைக் காணோம்! யாரோ திருடிட்டாங்க!" என்று ஊளையிட்டபடியே போனான்.

தன் ஒரு வருஷம் உருண்டு போவதைப் பார்த்துக்கொண்டே அஞ்சலாட்சி செருப்பை உதறிவிட்டு ஓடினாள். வண்டி மண்டி வாசலுக்குள் நுழைந்து, காலிச் சாக்குக் குவியலில் முட்டி நின்றது. மண்டிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு ஆக ஐந்து நிமிஷம். ஒவ்வொரு காயாகத் தட்டிப் பார்த்தார். ஒன்றுகூட விரியவில்லை. நாற்பதையும் எடுத்துக்கொண்டார். அவள் சாக்கின் மேலேயே உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள்.

அரை மணி கழித்து வயல் சேற்றோடு வந்து சேர்ந்தான் தனகோட்டி. "உடையலை பாத்தியா! ஒரு கீறல் இல்ல!"

திரும்பும்போதும் மேட்டுக்கு இந்தப் பக்கம் கழற்றி, அந்தப் பக்கம் மாட்டி வீடு சேர்ந்தார்கள்.

மறுநாள் ஆயுத பூஜை. வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்தார்கள். ஷாஃப்டைத் தனியாகக் கழற்றி மஞ்சள் பூசி மணையில் வைத்தார்கள். திருஷ்டி சுற்றும் நேரத்தில்தான் காய் இல்லாதது தெரிந்தது. முழுசெல்லாம் மண்டிக்குப் போயாச்சு. பிளந்ததெல்லாம் ஆட்டுக்குப் போயாச்சு.

"வீட்டுலயே விலை மதிப்பான ஒண்ணைச் சுத்தி உடைச்சா இன்னும் விசேஷம்" என்றான் தனகோட்டி.

மூவரும் மெல்ல மணையின் பக்கம் திரும்பினார்கள். அஞ்சலாட்சி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஷாஃப்டின் நுனியில் கற்பூரம் கொளுத்தி, வண்டியை மூன்று சுற்று சுற்றி, தெருவில் ஓங்கிப் போட்டார்கள். உடையவில்லை. கல்லில் அடித்தார்கள். கல் உடைந்தது. பக்கத்து வீட்டுச் சம்மட்டியை வாங்கி முறை வைத்து அடித்தார்கள். சம்மட்டியின் காம்பு முறிந்தது. உச்சிவெயில் ஏறியதும் தனகோட்டி ஆத்திரமாகப் போனை எடுத்தான்.

"பாய், என்ன சரக்கு குடுத்திருக்கீங்க? காலையிலருந்து மூணு பேரு அடிக்கிறோம், உடைய மாட்டேங்குது! எங்களை ஏமாளின்னு நினைச்சீங்களா? பழைய ஷாஃப்டெல்லாம் தொட்டாலே உடைஞ்சுது. மரியாதையா அதே மாதிரி ஒண்ணு குடுத்தனுப்புங்க, நல்ல நேரம் முடியறதுக்குள்ள!"