எறும்பு ஏன் எதிரே வரும் எறும்பை நிறுத்தி விசாரிக்கிறது?

அந்தக் காலத்தில், ஈ எறும்புக்கெல்லாம் பேச வாய் இருந்த காலத்தில், எறும்புகளுக்கு இருந்த திமிர் இருக்கிறதே, அப்பப்பா! விசேஷ வீட்டில் தெரியாத எறும்பு எதிரே வந்தால் இது இந்தப் பக்கம் முகத்தைத் திருப்பும், அது அந்தப் பக்கம் திருப்பும். முதலில் பேசியவர் இளப்பமாகிவிடுவாராம். புது ஆட்களிடம் முதல் பேச்சைத் தொடங்குவதை இங்கிலீஷ்காரர்கள் பனிக்கட்டியை உடைப்பது என்கிறார்கள். நம் வெயிலில் பனிக்கட்டிக்கு எங்கே போவது? எறும்புகள் அதை வேறு விதமாகக் கற்றுக்கொண்டன, அதுவும் பட்ட பிறகுதான்.

குருணை என்று ஒரு சிற்றெறும்பு இருந்தாள். அடைமழையில் அவள் புற்றுக்குள் தண்ணீர் புகுந்து, கூட இருந்தவர்களை எல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அவள் மட்டும் முட்டைகளை இழுத்து இழுத்து ஒரு பூவரச இலையில் சேர்த்தாள். இலை வாய்க்கால் ஓரத்து மரத்தின் வேரில் மாட்டிக்கொண்டு நின்றது. தண்ணீரோ ஏறிக்கொண்டே இருந்தது. அத்தனையையும் ஒற்றை ஆளாகக் கரையேற்ற முடியுமா? மேட்டில் அணில் வீட்டுக் கல்யாணம். ஊர்ப்பட்ட எறும்பும் அங்கேதான் இருக்கும் என்று ஓடினாள்.

போய்ப் பார்த்தால் பந்தலில் பேச்சு மூச்சு இல்லை. கட்டெறும்பு, செவ்வெறும்பு, பிள்ளையார் எறும்பு எல்லாம் தனித்தனியாக விறைத்துக்கொண்டு நின்றன. இலை போட்டுப் பரிமாறியும் ஒருவரும் உட்காரவில்லை. "வாங்க, உட்காருங்க" என்று முதலில் சொல்வது யார்?

குருணைக்கும் வாய் வரவில்லை. அவளும் அதே வளர்ப்புதானே! யாராவது என்னவென்று கேட்டால் போதும், கொட்டிவிடுவாள். செவ்வெறும்பு முன்னால் போய் நின்றாள். அது வானத்தைப் பார்த்தது. பிள்ளையார் எறும்புப் பக்கம் ஓடினாள். அது நகர்ந்துகொண்டது. வாசலுக்கு ஓடி வாய்க்காலை எட்டிப் பார்த்தாள், திரும்பி ஓடி வந்தாள். கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை. 'இந்நேரம் இலை எப்படி இருக்கோ' என்று மறுபடியும் வாசலுக்கு ஓடினாள்.

திடீரென்று இடி இடித்தது. பதறித் திரும்பியவள், அங்காயி என்ற கட்டெறும்பின் முகத்தில் நேருக்கு நேர் முட்டிக்கொண்டாள்.

"கண்ணு தெரியலையா?" என்று சீறினாள் அங்காயி.

ஒட்டிப்போன அந்த வயிறுதான் குருணையின் கண்ணில் பட்டது. என்ன பேசுவதென்று தெரியாமல், "அக்கா... சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டாள்.

பந்தலே திரும்பிப் பார்த்தது. அங்காயியின் விறைப்பு இறங்கிவிட்டது. "விடிஞ்சதிலேருந்து பச்சைத் தண்ணி பல்லுல படலை தாயி. இங்க யாரு கேக்குறா?" என்றாள். குருணை தன் வயிற்றில் சேர்த்து வைத்திருந்த தேன் சொட்டை வாய்க்குக் கொண்டுவந்து அவளுக்கு ஊட்டினாள்.

"நீ சாப்பிட்டியா?"

அவ்வளவுதான், குருணை உடைந்துவிட்டாள். "என் பிள்ளைங்க தண்ணியில கிடக்குதுங்க அக்கா!"

"அடிப்பாவி! இதை வந்ததும் சொல்றதுக்கென்ன?"

"யாரும் கேக்கலையேக்கா."

பந்தல் மொத்தமும் வாய்க்காலுக்கு ஓடியது. ஆனால் இலையில் பாதி அதற்குள் முழுகியிருந்தது. மிச்சம் இருந்த முட்டைகளை ஒன்று விடாமல் கவ்விக் கரையேற்றினார்கள். போனது போனதுதான்.

குருணை தண்ணீரையே பார்த்துக்கொண்டு அங்கும் இங்கும் ஓடினாள். அங்காயியும் அவள் கூடவே ஓடினாள். "நீ தவிச்சுக்கிட்டு உள்ளே வந்ததை நான் பார்த்தேன்டி. பார்த்துட்டுத்தான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா எல்லாத்தையும் எடுத்திருக்கலாமே!" என்று வாய்விட்டு அழுதாள்.

அன்று முதல்தான், தலை போகிற அவசரத்தில் ஓடினாலும் சரி, எதிரே வரும் எறும்பை எறும்பு முகத்தோடு முகம் முட்டி நிறுத்தி, "சாப்பிட்டியா?" என்று கேட்டு, பதிலுக்கும் ஒரு கணம் நின்றுவிட்டுப் போகிறது, எவள் எந்த இலையைத் தண்ணீரில் விட்டுவிட்டு வந்திருக்கிறாளோ, யார் கண்டது!