கீரன் மாற்றிப் போட்ட கொப்பு

கடற்கரை உப்பு மலையேறிப் போய், மலைத்தேன் கடற்கரைக்கு இறங்கி வந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் கீரன் என்றோர் உப்பு வணிகன் இருந்தான். அவனுக்கு நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

கடலுக்கும் மலைக்கும் நடுவே ஒரு முதுகாடு. அதன் மரங்கள் எப்போது முளைத்தவை என்று யாருக்கும் தெரியாது. உச்சிப் பொழுதிலும் வெயில் பொட்டுப் பொட்டாகத்தான் தரையில் விழும். மனிதர் வெட்டிய பாதை ஒன்றுகூட அங்கே கிடையாது. யானைகள் நடந்து நடந்து உண்டான தடங்கள்தான் பாதை. ஒவ்வொரு மழைக்கும் பழைய தடம் ஒன்று மூடிக்கொள்ளும், புதிதாக ஒன்று பிறக்கும்.

அதனால் அந்தக் காட்டில் நடப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகிறவர், தடம் பிரியும் இடத்தில் நின்று நிதானமாகப் பார்ப்பார். போகக் கூடாத தடத்தின் குறுக்கே ஒரு பச்சைக் கொப்பை முறித்துப் போட்டுவிட்டுப் போவார். பின்னால் வருகிறவர் கொப்பைக் கண்டதும் மற்றத் தடத்தில் திரும்பிவிடுவார். பேச்சு வார்த்தை இல்லாத பகையாளிகள்கூட அந்தக் கொப்பில் விளையாட மாட்டார்கள்.

கீரன் நல்ல உழைப்பாளி. ஆனால் அவன் நெஞ்சில் ஒரு முள் இருந்தது. அதன் பெயர் வேம்பி.

வேம்பியும் உப்பு விற்பவள்தான். கணவன் உப்பளத்தைப் பார்த்துக்கொள்ள, இவள் கழுதையை ஓட்டிக்கொண்டு மலையேறுவாள். அளவில் குறைக்க மாட்டாள், பேச்சில் சலிக்க மாட்டாள். கீரன் மலையூருக்குள் நுழையும்போதெல்லாம் அங்குள்ளவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "வேம்பி வரலையா?" என்பதுதான். போன முறை அவன் கொண்டுபோன உப்பு விலை போகாமல், திரும்பும் வழியில் மழையில் கரைந்து போனது.

இந்த முறை கீரன் விடியும் முன்பே கிளம்பிவிட்டான். கழுதையின் இரு பக்கமும் ஒவ்வொரு மூட்டை, முதுகின் மேல் ஒரு மூட்டை. வேம்பி சற்றுப் பின்னால் வருகிறாள் என்பது அவனுக்குத் தெரியும்.

முதல் பிரிவு வந்தது. வழக்கப்படி கொப்பை முறித்துச் சரியான இடத்தில் போட்டான்.

இரண்டாம் பிரிவு வந்தது. கொப்பை முறிக்கக் கை தூக்கினான். 'நான் பார்த்து வைக்க, அவள் சுகமாக நடந்து வருவாளா?' என்று தோன்றியது. கையைத் தொங்கவிட்டு அப்படியே நடந்தான்.

மூன்றாம் பிரிவு வந்தது. இடப்பக்கத் தடம் கோரைப் பள்ளத்துக்கு இறங்குவது. அங்கே யானைகள் கன்றுகளோடு தங்கும். அந்தத் தடத்தில் கிடந்த யானை விட்டையில் இன்னும் ஆவி பறந்தது. கீரன் முன்னும் பின்னும் பார்த்தான். ஒரு கொப்பை முறித்தான். வலப்பக்கத்து நல்ல தடத்தின் குறுக்கே அதைப் போட்டுவிட்டு, தான் மட்டும் அதைத் தாண்டிப் போனான்.

'கொஞ்சம் சுற்றிக்கொண்டு வருவாள், அவ்வளவுதானே' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

ஆனால் கால் வேகமாக நடக்கவில்லை. தலைக்கு மேலே இருவாச்சிகள் சிறகு இரைய, பள்ளத்துப் பக்கமிருந்து கிளம்பிப் போயின. கருமந்திகள் கிளைக்குக் கிளை தாவிக் கத்தின. ஒரு மிளா மான் பாதையைக் குறுக்கே வெட்டிப் பாய்ந்தோடியது. பள்ளத்தில் யானைகள் கிளர்ந்துவிட்டன என்பதற்கு மூன்றும் அடையாளம் என்று கீரனுக்குத் தெரியும். தெரியாதவன் போல நடந்தான்.

அப்போது நான்காம் பிரிவு வந்தது. மலையிலிருந்து தேன் எடுக்க இறங்கியவர்கள் யாரோ ஒரு தடத்தை மறித்துக் கொப்பு போட்டிருந்தார்கள். கீரன் பழக்கத்தில் மற்றத் தடத்தில் கால் வைத்தான். வைத்த காலை இழுத்துக்கொண்டான்.

'இந்தக் கொப்பை வைத்தவன் என்னைப் போன்றவனாக இருந்தால்?'

இந்தத் தடத்தைப் பார்த்தான். அந்தத் தடத்தைப் பார்த்தான். எத்தனையோ தடவை பாட்டுப் பாடிக்கொண்டே கடந்த காட்டில், முதல் முறையாக அவனுக்கு எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. இத்தனை காலம் தன்னை அழைத்துப் போனது தன் கண்ணோ காலோ அல்ல, முகம் தெரியாத யார் யாரோ வைத்த கொப்புகள்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. அதை நம்பித்தான் வேம்பியும் வந்துகொண்டிருந்தாள்.

கழுதையைத் திருப்பினான். வந்த வழியே ஓடினான்.

மூன்றாம் பிரிவில் அவன் போட்ட கொப்பு அசையாமல் கிடந்தது. பக்கத்துத் தடத்தில் வேம்பியுடைய கழுதையின் குளம்படிகள் பள்ளத்தை நோக்கி இறங்கியிருந்தன. கொப்பைத் தூக்கி எறிந்துவிட்டுப் பின்தொடர்ந்தான். கொஞ்ச தூரத்தில் ஒரு சத்தம் கேட்டது. அது யானையின் சத்தம் அல்ல. குழந்தை அழும் சத்தம்.

வேம்பி இந்த முறை கைக்குழந்தையோடு வந்திருந்தாள். அது கீரனுக்குத் தெரியாது.

கோரைப் பள்ளத்தின் நடுவே ஒரு பாறை. அதன் உச்சியில் வேம்பி மகளை மார்போடு அணைத்து, அழுகையை அடக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கழுதை எங்கோ ஓடிவிட்டது. பாறையைச் சுற்றி யானைகள். மூத்த பெண் யானை காதுகளை விரித்து, தும்பிக்கையைப் பாறை மேல் நீட்டித் துழாவிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு முழம்தான் எட்ட வேண்டும்.

கத்தலாமா? கத்தினால் மிரண்டு பாறையை மோதும். தீ மூட்டலாமா? காய்ந்த கோரை, எல்லோரும் வெந்து போவார்கள். கல்லெறியலாமா? கன்றோடு இருக்கும் யானையிடம் கல்லா?

கீரனின் கை கழுதையின் முதுகில் இருந்த மூட்டையைத் தொட்டது. உப்பு என்றால் யானை எவ்வளவு தூரமும் நடக்கும்.

காற்று வரும் பக்கமாகச் சுற்றிப் போனான். ஒரு பலகைக் கல்லின் மேல் முதல் மூட்டையை அவிழ்த்துக் கொட்டிவிட்டுப் பின்வாங்கினான். கடல் வாசம் காற்றில் ஏறியது. கன்றுகள் தலையைத் தூக்கின, ஓடி வந்தன. மூத்த யானை அசையவில்லை.

இன்னும் கொஞ்சம் தள்ளி இரண்டாம் மூட்டையைக் கொட்டினான். கன்றுகளின் தாய்கள் வந்தன. மூத்த யானை திரும்பிப் பார்த்தது. அவ்வளவுதான்.

மிச்சமிருந்தது ஒரே மூட்டை. அவன் வீட்டு அடுப்பு அதை நம்பித்தான் இருந்தது. கீரன் யோசிக்கவில்லை. அந்த மூட்டையையும் கிழித்து, கை நிறைய அள்ளி அள்ளி, பாறைப் பக்கத்திலிருந்து கல் வரைக்கும் வாரி இறைத்தான். மூத்த யானை தும்பிக்கையைத் தரையில் வைத்தது. ஒரு துளி உப்பை வாயில் போட்டுப் பார்த்தது. பிறகு, காதுகளை மடக்கிக்கொண்டு, மெல்ல நடந்து போனது.

வேம்பி பாறையின் பின்பக்கமாகச் சறுக்கி இறங்கினாள். இருவரும் மூச்சு விடாமல் நடந்து, மூன்றாம் பிரிவுக்கு வந்த பிறகுதான் நின்றார்கள்.

"வேம்பி, அந்தக் கொப்பை மாத்திப் போட்டது நான்தான்" என்றான் கீரன். நிமிர்ந்து பார்க்க அவனால் முடியவில்லை.

"தெரியும். எனக்கு முன்னால போனது நீங்க ஒருத்தர்தானே அண்ணே" என்றாள் வேம்பி. "பாறை மேல உக்காந்து உங்களைத் திட்டாத திட்டு இல்லை. உங்க மூட்டை அவிழுறதைப் பாத்ததுக்கு அப்புறம்தான் திட்டுறதை நிறுத்தினேன்."

"எப்படி என்னை மன்னிக்கச் சொல்றது?"

"அதை நாளைக்குப் பாத்துக்கலாம். கை ஓய்ஞ்சு போச்சு, முதல்ல இவளைப் பிடிங்க."

குழந்தையை அவன் கையில் கொடுத்தாள். அது அவன் மீசையைப் பிடித்து இழுத்துவிட்டு, தோளில் சாய்ந்து அப்படியே தூங்கிப் போனது. அதன் சின்ன மூச்சு கழுத்தில் படப்பட, கீரனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. உயிரோடு இருக்கிறது, உயிரோடு இருக்கிறது என்று மனம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டது.

சற்று மேலே போனதும் வேம்பியின் கழுதை சுமையோடு புல் மேய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கீரனும் சிரித்தான். வெறும் கழுதையோடு மலையேறினாலும், அவன் நெஞ்சு அவ்வளவு லேசாக என்றுமே இருந்ததில்லை. காடு முடிந்து மலையூரின் புகை தெரிந்தபோது இன்னும் வெயில் இருந்தது.

பிறர் நம்பி நடக்கும் வழியைக் கெடுப்பவன், தான் நம்பி நடக்கும் வழியையும் இழந்துவிடுகிறான்.