தொட்டிக்குப் பட்டாணி

மடம் என்றதும் கோபுரம், யானை என்று யோசித்துவிட வேண்டாம். கோத்தகிரிப் பாதையில் ஒரு வளைவுக்கு மேலே தகரக் கூரை போட்ட மூன்று அறை, முன்னால் கட்டில் இரண்டு போடுகிற அளவுக்கு ஒரு சிமெண்டு முற்றம், அவ்வளவுதான். கீழே சரிவில் நிலம் கிடந்தது. அதில் எதை நட்டாலும் காட்டெருமை வந்து மேய்ந்துவிட்டுப் போகும். அதனால் மடத்துத் தோட்டம் மொத்தமும் முற்றத்தில், தொட்டியில்தான். பெயிண்டு டப்பா, வாய் உடைந்த பிளாஸ்டிக் குடம், எவரோ கழற்றிப் போட்ட பாத்திரம் கழுவும் தொட்டி, எதுவானாலும் அங்கே மண் நிரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

அதையெல்லாம் பார்த்துக்கொண்டவர் ராக்கியப்பன். மடத்துக்கு வருவதற்கு முன் மேட்டுப்பாளையத்தில் விதைக்கடை வைத்திருந்தார். குருவைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் குரு முன்னால் வந்தால் கை தானாகக் கட்டிக்கொள்ளும்.

குருவுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் கையை விரித்துவிட்டார். மறுநாள் பௌர்ணமி. தனக்குப் பிறகு மடத்தை நடத்த, ஊர் கூடும்போது மடத்துச் சாவியை ராக்கியப்பனிடம் கொடுப்பதாகக் குருவே சொல்லியிருந்தார்.

ராக்கியப்பனுக்கு அதில் சந்தோஷம்தான். இல்லை என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் கனகசபை என்று ஒருவர் இருந்தார்.

கனகசபை ராக்கியப்பனுக்குப் பின்னால் வந்த சீடர். பேச ஆரம்பித்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். குருவைப் பார்க்க வந்தவர்கள் சாமிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நேராகக் கனகசபை பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். ஒருநாள் குரு அவரைக் கூப்பிட்டு, “நீ வேற இடம் பாத்துக்கோ” என்றார். காரணம் சொல்லவில்லை. கனகசபையும் கேட்கவில்லை. காலில் விழுந்து எழுந்து, இறங்கிப் போனார். அப்போது ராக்கியப்பன் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றிக்கொண்டேதான் இருந்தார்.

அந்தக் கனகசபைதான் இன்று காலையிலிருந்து கீழே டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். சாமிக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டு முதல் பஸ் பிடித்து வந்திருந்தார். டீக்கடைக்காரர் பெள்ளி மேலே ஏறி வந்து சொன்னார்.

“ஒரே ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேங்கறாருங்க. மேல வரலாமான்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு.”

“சாமி தூங்கறாங்க” என்றார் ராக்கியப்பன்.

சாமி தூங்கவில்லை. பெள்ளிக்கும் அது தெரியாமல் இல்லை. அவர் இறங்கிப் போனார்.

ராக்கியப்பன் கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். கை கிளறியது, மனசு டீக்கடையில் கிடந்தது. பிறகு கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார்.

“சாமி, ஒண்ணு கேக்கலாமுங்களா?”

“கேளு.”

“நாளைக்குச் சாவிய எங்கிட்டக் குடுக்கறீங்க. எனக்கு ஏன்னு நீங்க சொல்லவே இல்லீங்க.”

குரு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்னை வெளியில கூட்டிட்டுப் போ.”

தாங்கிப் பிடித்து முற்றத்துக்குக் கொண்டுவந்து உட்கார வைத்தார். நல்ல வெயில். தொட்டிகள் எல்லாம் புது மண்ணோடு விதைக்குத் தயாராக இருந்தன.

“என்ன போடப்போற?”

“பட்டாணிங்க. குத்துப் பட்டாணி.”

“அதென்ன குத்து?”

“குட்டை ரகமுங்க. முழங்காலுக்கு மேல வளராது. நாலு முள்ளுக்குச்சி ஊனி விட்டா அதுல சாஞ்சுக்கும். பந்தல் வேண்டாம், ஆழமும் வேண்டாம். ஒரு சாணுக்கு மண்ணு இருந்தா, அதுக்குள்ளயே பூத்துக் காச்சு முடிச்சிரும்.”

“கொடிப் பட்டாணி?”

“அது ஆள் உசரத்தத் தாண்டிப் போகுமுங்க.”

“எது நிறையக் காய்க்கும்?”

“எடம் குடுத்தா கொடிதானுங்க. பறிக்கப் பறிக்க வந்துட்டே இருக்கும். குத்துச்செடி ஒரே வீச்சுல காச்சு ஓஞ்சிரும்.”

“அப்பறம் ஏன் கொடி போடல?”

“தொட்டிக்கு ஆகாதுங்க. வேருக்கு எடம் பத்தாது. காத்தடிச்சா தொட்டியோட சாஞ்சிரும்.”

“நுனியக் கிள்ளி விட்டா?”

ராக்கியப்பன் சிரித்தார். கடையில் எத்தனையோ பேர் கேட்ட கேள்வி. பழைய வியாபாரம் குரலில் வந்து ஏறிக்கொண்டது, பாவம்.

“எல்லாரும் இதையேதான் கேப்பாங்க சாமி. கிள்ளினா பக்கத்துல கிளைக்கும். அதுவும் மேலதான் போகப் பாக்கும். கிள்ளிக் கிள்ளிக் கடைசில செடியும் இருக்காது, காயும் இருக்காது. குட்டைங்கறது விதையிலயே இருக்கோணுமுங்க. நாம ஆக்க முடியாது.”

“சரியாச் சொன்னே” என்றார் குரு. “நானும் கிள்ளிப் பாத்தேன். சபையில பேசாதேன்னேன், பேசல. அடுப்படிக்கு அனுப்புனேன். கூட்டம் அடுப்படியில போய் உக்காந்துக்கிச்சு.”

ராக்கியப்பனின் சிரிப்பு நின்றுவிட்டது.

“உன்னைய ஒருநாளும் கிள்ள வேண்டி வந்ததில்ல” என்றார் குரு.

சாதுவான குரலில்தான் சொன்னார். அடித்திருந்தால்கூடத் தேவலை. இத்தனை வருஷம் இவர் எச்சில் இலை எடுத்து, வெந்நீர் போட்டு, கால் பிடித்துவிட்டதற்கு நமக்குக் கிடைத்த பட்டம் இதுவா என்று ராக்கியப்பனுக்கு நெஞ்சு எரிந்தது. இல்லை என்று சொல்லிவிடலாம் என்றால் வாய் வரவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

“ஏஞ்சாமி, சரிவுல வேலி போட்டு நிலத்தைத் திருத்தியிருக்கலாமுங்களே. கொடிக்குப் பந்தல் போட்டிருக்கலாமுங்களே.”

“போட்டிருக்கலாம்.”

“ஏன் போடலீங்க?”

“பந்தலுக்குக் கீழ, அவன் நிழல்ல நான் உக்காந்திருக்கோணுமே.”

ராக்கியப்பன் அவரைப் பார்த்தார். இத்தனை நாள் கும்பிட்ட முகம்தான். மூக்கு ஓரத்தில் வியர்த்திருந்தது. துண்டை எடுத்துத் துடைத்துவிட வேண்டும் போல இருந்தது. துடைக்கவில்லை.

கீழே வளைவில் பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. கனகசபை அதில் ஏறிப் போயிருப்பாரோ என்று அவருக்குத் திக்கென்றது. போயிருந்தால் நல்லது என்றும் ஒரு பக்கம் தோன்றியது. அந்த நினைப்பு வந்ததும் அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

“கனகசபை வந்திருக்காருங்க” என்றார்.

குரு அசையவில்லை.

“கீழ டீக்கடையில இருக்காரு. காலையிலயே வந்துட்டாரு. உங்களைப் பாக்கோணும்னு பெள்ளிகிட்டச் சொல்லி விட்டாரு. நாந்தான் சாமி தூங்கறாங்கன்னு சொல்லித் திருப்பிட்டேன். தப்புதானுங்க. பெரிய தப்பு. இப்பவே போய்க் கூட்டிட்டு வந்தர்றேன்.”

எழுந்தார். குரு அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சாகக் கிடக்கிறவரின் பிடி மாதிரி இல்லை.

“வேண்டாம்.”

“சாமி, தூக்கத்துல நீங்க அவரு பேரைத்தான் சொல்றீங்க. பக்கத்துல படுத்துக் கேக்கறவன் நானுங்க. ஒரு நாளாச்சும் எம்பேரைச் சொன்னதில்ல. எனக்கு அது எப்படி இருக்கும்னு நீங்க நினைச்சிருக்க மாட்டீங்க. இருந்தும் சொல்றேன், அவரை வரச் சொல்லுங்க. ஒரு தடவ பாத்துருங்க.”

குருவின் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. ஆனால் பிடியை விடவில்லை.

“பெள்ளி வந்தது எனக்குக் கேட்டுச்சு” என்றார். “நீ சொன்னதும் கேட்டுச்சு.”

“முழிச்சுத்தான் இருந்தீங்களா? அப்ப ஒரு குரல் குடுத்திருக்கலாமுங்களே சாமி.”

குரு அவர் கையை மெதுவாக விட்டார்.

“நான் சொல்ல வேண்டிய பொய்ய நீ சொல்லிட்டே. சாவி ஏன் எனக்குன்னு கேட்டியே, இதுக்குத்தான்.”