டேங்க் மூடியில் ஒரு பொட்டு

“எல்லாத்தையும் மாத்திட்டேனுங்க டீச்சர். வண்டிதான் மாற மாட்டேங்குது” என்றார் நாச்சிமுத்து.

ஹெலன் டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

நாச்சிமுத்துவுக்கு வயது ஐம்பத்தெட்டு. டீச்சர் ஹெலனுக்கு முப்பத்தொன்று. மலையடிவாரத்தில் டீசல் வண்டிகளுக்கு ஷெட் வைத்திருப்பவள். ஆறு மாதமாக அவளிடம் இவர் தொழில் படிக்கிறார். இந்த வயதில் ஒரு பெண்பிள்ளையிடமா என்று ஊரில் கேட்டார்கள். தெரிந்தவர்களிடம்தானே கேட்க முடியும் என்றார். அந்த மட்டில் புத்திசாலிதான்.

முற்றத்தில் நின்ற பிக்கப் வண்டியைத் துரு பாதி தின்றிருந்தது. ஓட்டுகிறவர் காலடியில் ஓர் ஓட்டை. அதன் வழியே கீழே ரோடு ஓடுவது தெரியும்.

ஓடினால்தானே. பதினோராவது கிலோமீட்டரில் இருமும், நின்றுவிடும்.

மனைவி ருக்மணிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் மூன்று நாள் கீழே ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். ஊரில் வேறு வண்டி கிடையாது. பஸ் சாயங்காலம்தான் வரும். சனிக்கிழமை வண்டி வழியிலேயே நின்று, அன்றைய முறை தவறிப்போனது. இன்று திங்கள். பத்து மணிக்கு அங்கே இருந்தாக வேண்டும். அவள் கால்கள் வீங்கியிருந்தன.

“காலையில இங்கேயே ஓட விட்டுப் பார்த்தேன். அரை மணி நேரத்துல நின்னுபோச்சு.”

“என்னென்ன மாத்துனீங்க அண்ணா?”

“டீசல் பில்டர் ரெண்டு தடவை. பம்பை இறக்கி ஏத்துனேன். குழாய் பூராப் புதுசு.”

“கேட்டீங்களா?”

“யாரைங்க?”

“வண்டி நிக்கும்போது கூட இருந்தவங்களை.”

“நான்தானுங்க இருந்தேன்.”

“வேற?”

“வேற யாரு? ருக்கு உக்காந்திருப்பா. அவளுக்கு வண்டியைப் பத்தி என்னங்க தெரியும்?”

ருக்மணி மடியில் ஆஸ்பத்திரிப் பையோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

“அது வந்துங்க…” என்று ஆரம்பித்தாள்.

“நீ சும்மா இரு ருக்கு. நேரமாகுது.”

ஹெலன் டம்ளரைக் கீழே வைத்தாள். கொண்டுவந்த ஸ்பேனர் பையைத் திறக்காமலே ஸ்கூட்டரில் மாட்டினாள். திரும்பி வந்து ருக்மணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“டீச்சர், நீங்க வண்டியைத் தொடவே இல்லீங்களே.”



மணி எட்டரை ஆனது.

நாச்சிமுத்துவுக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் பயம் இருந்தது. ஏற்கெனவே முறுக்கியிருந்த நட்டையே மறுபடி முறுக்கினார். ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டி கிழிந்தது.

அவர் வாய் ஓய்ந்த நேரம் பார்த்து ஹெலன் சொன்னாள்: “நீங்க சொல்லுங்க அக்கா.”

ருக்மணி கணவரைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“வண்டி நின்னதும் இவரு டேங்க் மூடியைத் திறந்து டீசல் இருக்குதான்னு பார்ப்பாருங்க. அப்ப உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வரும். அப்புறம் ஸ்டார்ட் பண்ணுனா எடுத்துக்கும். சனிக்கிழமை இவரு மூடியைத் திறக்கவே இல்லை. இன்ஜினையே நோண்டிட்டு இருந்தாரு. மூணு தடவை சொன்னேன்.”

“எப்ப இருந்து இப்படி?”

“ஆயுத பூஜைக்கு அப்புறம்தானுங்க.”

ஹெலன் எழுந்துபோய் டேங்க் மூடியைப் பார்த்தாள். வட்டமாகச் சந்தனம். நடுவில் குங்குமப் பொட்டு. அதற்கு மேல் என்னவோ பளபளத்தது.

“என்ன அண்ணா இது?”

“வார்னிஷுங்க. மழையில அழியக் கூடாதுன்னு அடிச்சேன்.” நாச்சிமுத்துவின் குரல் இறங்கிவிட்டது. “இவளுக்காக வேண்டிக்கிட்டு வெச்ச பொட்டு. அது இருக்கிற வரைக்கும் இவளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு…”

“மூடி நடுவுல ஒரு சின்ன ஓட்டை இருக்கும். டீசல் குறையக் குறைய அது வழியாத்தான் உள்ளே காத்துப் போகணும். போகலைன்னா டீசல் இறங்காது.”

நாச்சிமுத்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். பொட்டுக்கு நேரே கொண்டுபோனார்.  கீழே வைத்துவிட்டார்.

“மூடியைத் திறந்தே வெச்சு ஓட்டட்டுங்களா?”

“வளைவுக்கு வளைவு ரோட்டுல டீசல் கொட்டும். பின்னால பைக்ல வர்றவன் வழுக்கி விழுவான்.”

“அப்ப நீங்களே சுரண்டிருங்க டீச்சர். என்னால ஆகாது.”

“நான் சுரண்ட மாட்டேன். அது உங்க வேண்டுதல்.”

மணி எட்டே முக்கால்.

ருக்மணி வீங்கிய காலை ஊன்றி எழுந்தாள். மெதுவாக வண்டிவரை நடந்தாள். தாலிக்கொடியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றினாள்.

“ருக்கு, வேண்டாம். பொட்டு அது.” நாச்சிமுத்து மூடியைக் கையால் பொத்திக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

“நீங்க சும்மா இருங்க. நேரமாகுது.”

அவர் கை தானாக விலகியது.

ஊக்கின் முனையைக் குங்குமத்தின் நடுவில் வைத்து அழுத்தித் திருகினாள். வார்னிஷ் பொரிந்து உதிர்ந்தது. வண்டி நீளமாக ஒரு மூச்சை உள்ளே இழுத்தது.

ஊக்கைப் புடவையில் துடைத்து மறுபடி கொடியில் மாட்டிக்கொண்டாள். பையை எடுத்துக்கொண்டு தன் இடத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

நாச்சிமுத்து டீசலைக் கையால் பம்ப் அடித்து ஏற்றிச் சாவியைத் திருப்பினார். இரண்டாவது தடவையில் எடுத்துக்கொண்டது.

“வழியில நின்னுட்டா என்னங்க பண்றது? நீங்களும் கூட வாங்க டீச்சர்.”

“கூடத்தான் இருக்காங்களே” என்று சொல்லி ஹெலன் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினாள்.

ஒன்பதாவது கல் போனது. பத்தாவது போனது. நாச்சிமுத்து ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

பதினொன்று வந்தது.

“ருக்கு” என்றார். “என்ன கேக்குது உனக்கு?”

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

“இன்ஜின் நல்லாத்தான் இருக்குதுங்க. முன்னால வளைவு. ரெண்டாவது கியர் போடுங்க.”

போட்டார்.