மருதாயி வாசலில் பூத்த நித்தியகல்யாணி

குளத்து மேட்டில் காரைப் புதருக்கு அடியில் மருதாயி என்ற முயல் மூன்று குட்டிகளோடு குடியிருந்தாள். அவள் அங்கே வந்து ரொம்ப நாள் ஆகவில்லை. கோடையில் எதிர்க்கரைக் காடு தீப்பிடித்து எரிந்தபோது குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி வந்து இங்கே சேர்த்தவள். அன்றிலிருந்து அவளுக்கு எதைப் பார்த்தாலும் பயம். இலை அசைந்தால் பயம். அசையாவிட்டால், ஏன் அசையவில்லை என்று பயம்.

எல்லாவற்றிலும் பெரிய பயம் அக்கம்பக்கத்தார்தான். பழைய இடத்தை விட்டுத் தீ துரத்தியது. இந்த இடத்தை விட்டு இவர்கள் துரத்திவிட்டால் குட்டிகளை எங்கே கொண்டுபோவது?

அந்த மேட்டில் யார் வீடு எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது சௌந்தரம் என்ற மயிலின் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, அவளாக எடுத்துக்கொண்டது. மழை நின்றதும் வாசல் வாசலாக நடந்துபோவாள். மருதாயியின் வாசலுக்கும் வந்தாள். கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தாள்.

"என்ன மருதாயி, இந்த வீட்ல ஆள் இருக்கா இல்லையா? பாழடைஞ்ச பொந்து மாதிரி கிடக்கு."

மருதாயிக்குக் காது இரண்டும் தொங்கிப்போனது. குட்டிகள் இருக்கிற வீடு, பெருக்க நேரமில்லை என்று என்னென்னவோ சொன்னாள்.

"பெருக்குறதச் சொல்லல. எங்க எல்லார் வாசல்லயும் ரோஸ் கலர் பூ வச்சிருக்கோம். குடியிருக்க வந்தா குடியிருக்கிற மாதிரி இருக்கணும்" என்று சொல்லிவிட்டுச் சௌந்தரம் போய்விட்டாள்.

செடி வேண்டுமென்றால் அங்கே கோவாலு மைனாவிடம்தான் சொல்ல வேண்டும். ஊருக்குள் எந்த வீட்டுத் தோட்டத்தில் என்ன பூத்திருக்கிறது என்று அவனுக்கு அத்துபடி. கேட்காமலே ஒரு கிளையை ஒடித்து வந்துவிடுவான்.

முதலில் பன்னீர் ரோஜாவைச் சொன்னான். முள் இருக்குமே, குட்டிகளின் கண்ணில் குத்திவிட்டால்? அரளி என்றான். ஐயோ, அது விஷமாயிற்றே, கடைக்குட்டி பொட்டு எதைக் கண்டாலும் வாயில் வைப்பாளே! காகிதப்பூவா? அதிலும் முள். செம்பருத்தியா? இலை ருசியாக இருக்கும், ஊர் ஆடெல்லாம் வாசலுக்கு வந்து நிற்கும், ஆட்டுக்குப் பின்னால் நாய் வரும். இப்படி ஒவ்வொன்றுக்கும் மருதாயி ஒரு பயம் வைத்திருந்தாள். கோவாலுவுக்குச் சொல்லிச் சொல்லி அலகு வலித்தது.

"அப்ப உனக்கு எப்படிப்பட்ட செடிதான் வேணும்?"

"முள்ளு இருக்கக் கூடாது. ஆடு தின்னக் கூடாது. ஒரு மழைக்குப் பூத்து மறு மழைக்குள்ள செத்துப்போறது வேணாம்ப்பா. செத்ததெல்லாம் நிறையப் பார்த்துட்டேன்."

"அப்ப நித்தியகல்யாணிதான். ஒரு தடவை வச்சாப் போதும். வருஷம் பூராப் பூக்கும். இலை கசக்கும், யாரும் வாய் வைக்க மாட்டாங்க. அப்புறம் நீயே போன்னு சொன்னாலும் போகாது" என்றான் கோவாலு.

அவன் இரண்டு கிளைகளைக் கொண்டுவந்து கீழே போட்டான். ஒன்று வெள்ளை, ஒன்று இளஞ்சிவப்பு. எது வேண்டும் என்று கேட்டான்.

மருதாயி குனிந்து பார்த்தாள். ஒரு பூ வெளேரென்று தெரிந்தது. இன்னொன்று புல்லின் நிறத்தில், புல்லோடு புல்லாகக் கிடந்தது. முயலின் கண் அப்படி. சிவப்பும் இளஞ்சிவப்பும் அதற்குப் புலப்படுவதில்லை. இது மருதாயிக்குத் தெரியாது. இதில் எதை ரோஸ் என்கிறார்கள் என்று கேட்கலாமா என்று நினைத்தாள். கேட்டால் சிரிப்பானோ? சௌந்தரத்திடம் போய்ச் சொல்வானோ?

"சௌந்தரம் அக்கா வீட்ல இருக்கே, அதே மாதிரி" என்றாள்.

கோவாலு புல் நிறக் கிளையை அவள் பக்கம் தள்ளினான்.

கிளை வேர் விட்டது. வாசலைச் சுற்றிப் புதராகப் படர்ந்தது. மருதாயி தினமும் காலையில் மண்ணைக் கிளறிவிட்டாள். சௌந்தரம் வந்து பார்த்து, இப்போதுதான் வீடு மாதிரி இருக்கிறது என்று சொல்லிப் போனாள். அன்று மருதாயி ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டு கண்ணையும் மூடித் தூங்கினாள்.

சில நாள் கழித்து அவள் குளத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். மேலே பட்டுப்போன பனையில் இரண்டு பருந்துகள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தன.

"அந்த மேட்டுல, காரைப் புதரை ஒட்டி, புதுசா ரோஸ் கலர்ல தெரியுதே, பார்த்தியா?" என்றது ஒரு பருந்து.

"ஆத்துக்கு அந்தப் பக்கம் பறக்கும்போதே தெரியுது. காலையில ஒரு முயல் அங்க மண்ணக் கிளறுது. உள்ள குட்டி இருக்கும்."

"குட்டிதான். பச்ச மண்ணு. இன்னைக்குப் பொழுது சாயுறப்போ போய்ப் பார்ப்போம்."

மருதாயி குடிப்பதை விட்டுப் பின்வாங்கினாள். கோரைப்புல்லுக்குள் வயிற்றை மண்ணோடு ஒட்டிக்கொண்டு கிடந்தாள். பருந்துகள் பறந்துபோன பிறகுதான் ஓடினாள்.

வாசலில் நின்று பூக்களை உற்று உற்றுப் பார்த்தாள். எல்லாம் புல் போலத்தான் இருந்தன. இதையா ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து பார்க்கிறார்கள்? அப்புறம் அவள் மேட்டைச் சுற்றிப் பார்த்தாள். பூ வைத்திருந்த சௌந்தரம் புங்கமரத்துக் கிளையில் தூங்குகிறாள். கோவாலு மரப்பொந்தில் இருக்கிறான். எல்லோர் பூவும் மரத்தடி நிழலில் இருந்தது. மண்ணில், திறந்த வானத்துக்குக் கீழே பூ வைத்தவள் அவள் ஒருத்திதான். முள்ளுக்குப் பயந்தாள், விஷத்துக்குப் பயந்தாள், ஆட்டுக்குப் பயந்தாள். பயப்பட வேண்டியதை விட்டுவிட்டாள்.

செடியைப் பிடுங்கி எறிந்தால் போதுமா? பூ இருந்த இடத்தைப் பருந்துகள் தேடிக்கொண்டு வருமே. பூ வேறெங்காவது இருக்க வேண்டும். மருதாயி பக்கத்துக் கறையான் புற்றுக்குள் குடியிருந்த வேலப்பன் என்ற முள்ளம்பன்றியிடம் ஓடினாள். பகலெல்லாம் தூங்குகிறவர். எழுப்பினால் எரிந்து விழுவார். எழுப்பினாள்.

"அண்ணே, என் வாசல்ல இருக்கிற செடிய உங்க வாசல்ல நட்டுக்கட்டுமா?"

"எதுக்கு?"

மருதாயி எல்லாவற்றையும் சொன்னாள். "பருந்து வரும், அண்ணே. உங்ககிட்டச் சொல்லாம நட்டா அது பாவம்" என்று அழுதாள்.

வேலப்பன் முட்களைச் சிலிர்த்துக்கொண்டு கொட்டாவி விட்டார். "வரட்டும். என்னப் பார்க்க யாரு வர்றா? நட்டுட்டு என்னத் தூங்க விடு."

தூறல் தொடங்கியது. பருந்துகள் பனைக்குத் திரும்பி, நனைந்த சிறகோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டன. அந்த நேரத்தில் மருதாயி செடியை வேரோடு தோண்டிக் கொத்துக் கொத்தாக இழுத்துப்போய்ப் புற்று வாசலில் நட்டாள். ஆனால் வாசலெல்லாம் இதழ்கள் உதிர்ந்து கிடந்தன. அவளுக்கும் தெரியவில்லை, குட்டிகளுக்கும் தெரியவில்லை. ஒரு இதழ் மிஞ்சினாலும் போச்சு. என்ன செய்வது என்று தவித்தபோது பொட்டு எதையோ வாயில் வைத்து, "தூ, கசக்குது" என்று துப்பினாள்.

மருதாயி அதைப் பிடித்துக்கொண்டாள். நான்கு பேரும் வாசல் மண்ணை நக்கி நக்கிப் பார்த்தார்கள். கசந்ததை எல்லாம் கவ்வி எடுத்துப் புற்றில் கொண்டுபோய்ப் போட்டார்கள். தூறல் நிற்கும்போது நாக்கு மரத்துப்போயிருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் பருந்து மேட்டுக்கு மேலே வட்டமிட்டது. மருதாயி குட்டிகளைத் தன் வயிற்றுக்கு அடியில் தள்ளிக்கொண்டு மூச்சுவிடாமல் இருந்தாள். சிறகுச் சத்தம் நெருங்கியது. தலைக்கு மேலேயே கேட்டது. அப்புறம் நகர்ந்தது.

இளஞ்சிவப்புப் பூக்களுக்கு நடுவில் ஏதோ சலசலத்தது. இரை தேடப் புறப்பட்ட வேலப்பன்தான். பருந்து நகங்களை விரித்துக்கொண்டு விழுந்தது. அடுத்த நொடி மேடே அதிரும்படி கத்தியது. காலிலும் நெஞ்சிலும் முட்கள் தைத்துத் தொங்க, தாறுமாறாகப் பறந்து போனது. அன்றோடு பருந்துகள் இரண்டும் அந்தப் பக்கத்துக்கே வரவில்லை.

மறுநாள் சௌந்தரம் வந்தாள். "என்னடி இது, திரும்பவும் பாழடைஞ்ச பொந்தா?"

மருதாயிக்குப் பயம் போகவில்லை. ஆனாலும் சொன்னாள். "ஆமாக்கா. ஆள் இல்லாத மாதிரியே இருக்கட்டும். உள்ள நாங்க இருக்கோம்."

சௌந்தரம் கழுத்தை நொடித்துக்கொண்டு போனாள். போன கையோடு வேலப்பன் வாசலைப் பார்த்து ஆஹா ஓஹோ என்று புகழ்ந்தது இங்கே வரைக்கும் கேட்டது. மருதாயியை யாரும் துரத்தவில்லை. அப்படி ஒரு பேச்சே அந்த மேட்டில் எழவில்லை.

கோவாலு சொன்னது மட்டும் பொய்யில்லை. அடுத்த மழைக்கு, விதை விழுந்த இடமெல்லாம் நித்தியகல்யாணி முளைத்தது. அதற்கடுத்த மழைக்கும் முளைத்தது. இன்றைக்கும் மருதாயி விடிந்ததும் முதல் வேலையாக வாசலில் துளிர்த்திருக்கும் ஒவ்வொன்றையும் நுனிநாக்கால் தொட்டுப் பார்க்கிறாள். கசந்தால் பூப்பதற்கு முன்னே பிடுங்கிவிடுகிறாள்.

ஊரார் கண்ணுக்கு அழகாகத் தெரிவதை நம் வாசலில் வைப்பதற்கு முன், அது வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு ஆகுமா என்று வெட்கப்படாமல் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.